பூட்டுனவன்தான் திறக்கணும்

சாவி இப்ப என் வயித்துக்குள்ள இருக்கு.

சிரிக்காதீங்க. ரெண்டு வாழைப்பழம், நிறைய தண்ணி, அப்புறம் பொறுமைன்னு டாக்டர் சொல்லி அனுப்பியிருக்காரு. எக்ஸ்ரே படத்துல நானே பாத்தேன். விலா எலும்புக்குக் கீழ, சின்னதா, வெள்ளையா, பல்லு பல்லா தெரியுது.

மணி ரெண்டாகப் போகுது. கதவுல மேல் தாழ்ப்பாள், கீழ் தாழ்ப்பாள், முட்டுக் குடுக்க துணி துவைக்கற மெஷின், அது மேல அத்தையோட ஹெல்மெட். எவனாவது கதவைத் தள்ளினா ஹெல்மெட் விழுந்து எழுப்பி விடுமாம். அத்தை ஐடியா. சொல்லிட்டுத் தரையில படுத்துக் குறட்டை விடறாங்க. தலையில ஏழு தையல்.

நான் தூங்கலை. கண்ணை மூடினா ஒரு 'கடக்' கேக்குது. அதனால எல்லாத்தையும் உங்ககிட்ட சொல்லிடறேன். அத்தைகிட்ட, அப்பாகிட்ட, போலீஸ்கிட்ட, யார்கிட்டயும் சொல்லாத ஒண்ணு நடுவுல வரும். அது வரும்போது மட்டும் கொஞ்சம் வேற பக்கம் பாத்துக்கோங்க.

★

முந்தாநாள் சாயங்காலம் ஸ்கூல் விட்டு நேரா பட்டறைக்குப் போனேன். எங்கப்பா லிஃப்ட் மெக்கானிக். பட்டறைன்னா பெரிசா நினைச்சுக்காதீங்க. ஒரு கார் நிக்கற இடம், ஒரு ஷட்டர், ஒரு மேஜை, மேஜை ஓரத்துல இரும்பை இறுக்கிப் பிடிக்கற வைஸ். ஷட்டர் பாதி இறங்கியிருந்துச்சு. குனிஞ்சு உள்ள போனேன்.

அப்பா ஸ்டூல்ல உக்காந்திருந்தாரு. வலது கையை எண்ணெய்த் துணியில சுத்தி மடியில வச்சிருந்தாரு, தூங்கற குழந்தையை யாரோ குடுத்துட்டுப் போன மாதிரி. துணியிலேர்ந்து சொட்டிக்கிட்டே இருந்துச்சு. வைஸோட ரெண்டு தாடையிலயும் ரத்தம். ஒரு தாடையில ஒரு நகம், முழுசா.

"வண்டி ஒண்ணு கூப்பிடும்மா"ன்னாரு. குடிக்கத் தண்ணி கேக்கற மாதிரி.

"யாருப்பா பண்ணது?"

"ரெண்டு பேரு. மூஞ்சியைப் பாக்கலை."

போலீஸ் வந்து கேட்டப்பவும் அதே ரெண்டு பேரு, அதே பாக்கலை.

ஆஸ்பத்திரியில எக்ஸ்ரேக்கு முன்னாடி நர்ஸ் அப்பா கழுத்துல இருந்த நைலான் கயித்தைக் கழட்டி என்கிட்ட குடுத்தாங்க. அதுல ஒரே ஒரு சாவி. "மோதிரம், வாட்ச் ஏதாச்சும் இருக்கா?"ன்னு கேட்டாங்க. கைல எதுவும் இல்லை. கயித்தை நான் மாட்டிக்கிட்டேன்.

டாக்டர் நேராவே பேசினாரு. "ரெண்டு விரல் போச்சு. மிச்ச மூணுக்கும் நரம்பு ஒட்டணும். அதுக்கு ஆள் பெரிய ஆஸ்பத்திரியிலதான் இருக்காரு. ரெண்டு நாளைக்குள்ள பண்ணலைன்னா அது கை இல்லை, கை மாதிரி ஒண்ணு." பணம் முன்னாடியே கட்டணுமாம். எவ்ளோன்னு கேட்டதும் அம்மா பெஞ்சுல உக்காந்தாங்க. விடியற வரைக்கும் எழுந்திரிக்கலை.

★

நேத்து காலைல அத்தை வந்தாங்க. அப்பாவோட அக்கா. இருபத்திரண்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில பொய் க்ளெய்ம் பிடிக்கற வேலை. இடுப்பு உடைஞ்சு போச்சுன்னு படுத்திருந்தவன் ஜன்னலுக்குக் கீழ, அவன் பைக்கை நாலு பேரை விட்டுத் தள்ளிக்கிட்டுப் போக வச்சு, அவனை மாடியிலேர்ந்து ஓடி வர வச்சவங்க. இப்ப தனியா துப்பறியறாங்க. லீவு நாள்ல நான்தான் அசிஸ்டென்ட். அசிஸ்டென்ட்னா, ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காந்துக்கிட்டு, அவங்க தலையிலயே இருக்கற மூக்குக்கண்ணாடியைத் தேடிக் குடுக்கறது. இது எங்களுக்குப் பதினோராவது கேஸ். மத்த பத்துல ரத்தம் வரலை.

பட்டறைக்குள்ள நுழைஞ்சதும் அத்தை வைஸ் பக்கம் ரொம்ப நேரம் பாத்தாங்க. கைப்பிடியை ஒரு சுத்து சுத்திப் பாத்தாங்க.

"டூல் பையைக் கொட்டு. என்ன காணோம்னு சொல்லு."

"பை இருக்கு, பைக்குள்ள எல்லாம் இருக்கு. திருட வந்தவங்க இல்லை."

"வாயாடி. கொட்டுன்னா கொட்டு."

பத்து வயசுலேர்ந்து அந்தப் பையைத் தூக்கிக்கிட்டு அப்பாகூட போறவ நான். ஒவ்வொண்ணா அடுக்கினேன். ஸ்பானர் இருக்கு, டார்ச் இருக்கு, கிரீஸ் டப்பா இருக்கு. அலமாரி பிஸ்கட் டப்பாவுல அப்பாவோட வாட்ச், மோதிரம். அதை எடுத்து என் பைல போட்டுக்கிட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது.

"சிவப்புப் பூட்டைக் காணோம். தகரத் தகடும் இல்லை."

"எந்தப் பூட்டு?"

லிஃப்ட் வேலையில ஒரு சட்டம் இருக்கு. குழிக்குள்ள இறங்கறதுக்கு முன்னாடி மெயின் சுவிட்சை அணைச்சு, அவனவன் சொந்தப் பூட்டை அதுல போடணும். அப்பத்தான் நீ கீழ இருக்கும்போது மேல எவனும் கரண்டு குடுக்க முடியாது. சாவி உன் கழுத்துல. பூட்டுனவன்தான் திறக்கணும், வேற ஒருத்தன் தொடக்கூடாது. அப்பாவோட பழைய பார்ட்னர் ஒரு நாள் அவசரத்துல பூட்டாம இறங்கினாரு. அவரை வெளிய எடுக்க ஸ்ட்ரெச்சர் தேவைப்படலை, சாக்கு போதும்னுட்டாங்களாம். அன்னைக்கு அப்பா கடையில போய் வாங்கினதுதான் அந்தச் சிவப்புப் பூட்டு. கூடவே மாட்டற தகரத் தகட்டுல "உள்ளே ஆள் இருக்கு. தொடாதே"ன்னு எழுதினது நான். அப்பா கையெழுத்தை அப்பாவாலயே படிக்க முடியாது.

"அப்ப எங்கயோ ஒரு லிஃப்ட் பூட்டிக் கிடக்குது"ன்னாங்க அத்தை. "உங்கப்பன் கைல எத்தனை கட்டிடம்?"

"பதினாறு. போன் போடவா?"

"போட்டா பதினாறு வாட்ச்மேனும் 'நல்லா ஓடுது மேடம்'பான். லிஃப்ட் ஓடுதான்னு கேக்கக்கூடாது. படியில எவன் ஏறினான்னு கேக்கணும்."

"யாரை?"

அத்தை ஸ்கூட்டரை உதைச்சாங்க. "முதுகுல சுமக்கறவனை."

★

தண்ணி கேன் கிடங்குல ஆறு பேரு வண்டியில ஏத்திக்கிட்டிருந்தாங்க. அத்தை யார்கிட்டயும் எதுவும் கேக்கலை. வரிசையா நடந்து போனாங்க, மோந்து பாத்துக்கிட்டே. நாலாவது ஆள்கிட்ட நின்னாங்க. அவருகிட்ட வலிக்குப் போடற தைலம் குப்புன்னு அடிச்சுது.

"முட்டியா, முதுகா?"

"ரெண்டும்க்கா! லிஃப்ட் செத்து மூணு நாளாச்சு. ஏழு மாடி!" அவரு கேனைக் கீழ வச்சுட்டாரு. "அந்தக் கட்டிடத்துல இருக்கறதே ஒரே ஒரு வீடு. அது எங்க இருக்கும்ங்கறீங்க? உச்சியில. கீழ ஆறு மாடியும் காலி. ஒரு மாடியில ஒரு மனுஷன் இருந்தாக்கூட ஒரு வாய் பேசிட்டு மூச்சு வாங்கியிருப்பேன்."

"யாரு அந்த வீட்டுல?"

"கணக்கு டீச்சர். தனி ஆளு. ரெண்டு காலும் விளங்காது, ஊன்றுகோல்தான். பாவம், மூணு நாளா கீழயே இறங்கலை."

"இன்னைக்கு அங்க போடணுமாண்ணே?"ன்னேன்.

"பன்னெண்டரைக்கு. ஒரு நிமிஷம் லேட்டானா, வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் வீணாச்சுன்னு கூட்டிச் சொல்லுவாங்கம்மா."

★

கட்டிடம் ஒரு தையற்கடைக்கும் ஒரு மூடின பேங்குக்கும் நடுவுல இருந்துச்சு. ஆறு மாடியிலயும் ஜன்னல் சட்டத்தைக்கூடக் கழட்டியாச்சு. ஏழாவதுல மட்டும் துணி காயுது.

அத்தை அண்ணாந்து பாத்தாங்க. "ஆறு மாடியைக் காலி பண்ணவன் ஏழாவதுக்காக ராத்திரி தூங்க மாட்டான். நான் போய் டீச்சர்கிட்ட பேசறேன். நீ கீழயே நில்லு. எவனாவது மேல ஏறினா போன் அடி."

"நீங்க மூணாவது மாடி தாண்டலைன்னா ஆம்புலன்ஸுக்கும் அடிக்கவா?"

"கொழுப்பு" அப்படின்னுட்டு ஏறினாங்க.

கால் மணி நேரம் ஆச்சு. ஒரு கார் வந்து நின்னுது. இறங்கினவருக்கு வெள்ளைச் சட்டை, கைல ஃபைல், வாயில மிட்டாய். கட்டிடத்தோட மேனேஜர். பின்னாடி ஒருத்தன் இறங்கினான். தோள் முடியற இடத்துலயே தலை ஆரம்பிச்சுது. அவனுக்கு மனசுக்குள்ள 'கழுத்து'ன்னு பேரு வச்சேன், இல்லாததுக்கு ஒரு மரியாதைன்னு.

மேனேஜர் என்னைப் பாத்தாரு. என் கழுத்துல கயித்தைப் பாத்தாரு. அவரு சிரிப்பு மாறவே இல்லை.

"மெக்கானிக் பொண்ணுதானே? அப்பா கை எப்படி இருக்கு? நாளைக்கு சாயங்காலம்தானே கெடு?"

ஆபரேஷனுக்கு எவ்ளோன்னு அவரே சொன்னாரு. டாக்டர் சொன்ன அதே தொகை, கடைசி எண் வரைக்கும் சரியா. அப்புறம் அதுக்கு மேல ஒண்ணு சொன்னாரு. "இப்ப, இங்கேர்ந்தே போன் பண்ணிக் கட்டிடறேன். நீ எதுவும் பண்ண வேண்டாம். உன் கழுத்துல இருக்கறதைக் குடுத்தாப் போதும்."

"பூட்டை உடைச்சுக்கலாமே அங்கிள்?"

"உடைச்சா கேள்வி வரும்மா"ன்னாரு, ரொம்ப அன்பா.

இப்பத்தான் நீங்க வேற பக்கம் பாக்கணும்.

நான் போன் அடிக்கலை. "நானே வந்து திறக்கறேன்"னு சொன்னேன்.

படி ஏறினோம். மேனேஜர் போன்ல ஓனரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, 'சாவி வந்துடுச்சு சார்'னு பேசிக்கிட்டே வந்தாரு. ரெண்டாவது மாடியில, அப்பா மறுபடியும் ஸ்பானர் பிடிப்பாருன்னு நினைச்சேன். மூணாவது மாடியில, அம்மா பெஞ்சை விட்டு எழுந்திரிப்பாங்கன்னு நினைச்சேன். நாலாவது மாடியில எனக்குப் புரிஞ்சுபோச்சு, காலி பண்ணாத டீச்சரை லிஃப்டோட விழ வைக்கப் போறாங்கன்னு. பூட்டை உடைச்சிருந்தா லிஃப்ட் விழறது கொலை. சாவி போட்டுத் திறந்திருந்தா, மெக்கானிக் வேலையை முடிச்சு அவனே பூட்டை எடுத்துட்டான், அப்புறம் விழுந்துச்சு, விபத்து. டீச்சர் சாவாங்க, பழி அப்பா மேல. புரிஞ்சுது. புரிஞ்ச அப்புறமும் என் கால் ஏறிக்கிட்டேதான் இருந்துச்சு. அஞ்சாவது மாடியில நானே கயித்தைத் தலை வழியா கழட்டிக் கைல வச்சுக்கிட்டேன். ஏழாவது மாடியில டீச்சர் வீட்டுக் கதவு சாத்தியிருந்துச்சு. உள்ள அத்தை எதுக்கோ சிரிக்கற சத்தம். நான் செருப்பைக் கழட்டிட்டு, சத்தம் வராம தாண்டிப் போனேன்.

அவ்ளோதான். சொல்லிட்டேன். இப்ப பாருங்க.

★

மொட்டை மாடியில மோட்டார் ரூம். கிரீஸ் வாசனை, அப்பா சட்டை வாசனை. சுவத்துல மெயின் சுவிட்சு, அதுல சிவப்புப் பூட்டு. பூட்டுல தகரத் தகடு.

உள்ளே ஆள் இருக்கு. தொடாதே.

என் கையெழுத்து. பத்து வயசுல எழுதினது. 'ஆள்'ல புள்ளி மட்டும் பட்டாணி சைஸுக்கு இருக்கும். லிஃப்ட் குழிக்குள்ள யாரும் இல்லைன்னு எனக்குத் தெரியும். ஆனா அப்பா சும்மா அந்தத் தகட்டை மாட்ட மாட்டாரு. கீழ ஏழாவது மாடியில அத்தை மறுபடி சிரிச்சாங்க, கூடவே இன்னொரு சிரிப்பு, வயசானது.

"திற"ன்னாரு மேனேஜர்.

"பூட்டுனவன்தான் திறக்கணும் அங்கிள்."

"என்ன?"

"எங்க வேலையில அப்படி."

கழுத்து என் கையைப் பிடிச்சு முறுக்கினான். கயிறு அவன் விரல்ல சிக்கிக்கிச்சு, சாவி என் பக்கம் வந்துச்சு. பல்லால பிடிச்சு இழுத்தேன், முடிச்சு அறுந்துது. என்ன பண்றதுன்னு யோசிக்கலை. முழுங்கிட்டேன்.

தொண்டையை அறுத்துக்கிட்டே இறங்குச்சு. மூச்சு நின்னு, கண்ணுல தண்ணி வந்து, அப்புறம் போச்சு.

"கக்குடி!" வயித்துல குத்தினான். சுவத்துல போய் மோதினேன். மறுபடி குத்தினான். ரெண்டு விரலை வாய்க்குள்ள விட்டான். கடிச்சேன். எலும்பு வரைக்கும் கடிச்சேன். அவன் ரத்தம் என் நாக்குல உப்பா, சூடா. என் தலைமுடியைப் பிடிச்சு மோட்டார் மேல ரெண்டு தடவை அடிச்சான். அப்புறம் இடுப்புலேர்ந்து கத்தியை எடுத்தான்.

"வயித்துலதானே இருக்கு. எடுத்துக்கலாம்."

நான் மேனேஜரைப் பாத்தேன். அவரு மிட்டாயை மென்னு முழுங்கினாரு. "எனக்கு ரத்தம் பாத்தா ஆகாது"ன்னாரு. "நான் வெளிய நிக்கறேன். சீக்கிரம் முடி."

நிஜமாவே வெளிய போய் நின்னுட்டாரு. அவரு தாண்ட மாட்டேன்னு வச்சிருந்த கோடு அங்கதான் இருந்துச்சு போல.

கத்தி என் சட்டையைக் கிழிச்சுது. வயித்துத் தோல்ல குளிர்ச்சியா ஒரு கோடு போட்டுது. அப்ப அவன் முட்டிக்குப் பின்னாடி ஒரு கட்டை வந்து விழுந்துச்சு. டீச்சரோட ஊன்றுகோல். பிடிச்சிருந்தது அத்தை.

"கீழ வீட்டுல கணக்கு சொல்லிக் குடுத்துக்கிட்டிருக்காங்க, மேல என்னடா சத்தம்?"

அவன் ஒரு காலை மடக்கி விழுந்தான். விழுந்தவன் கைக்கு ஒரு இரும்புக் குழாய் கிடைச்சுது. வீசினான். அத்தை தலையில பட்டுது. தேங்கா விழற மாதிரி ஒரு சத்தம். ரத்தம் மூக்குக்கண்ணாடி மேல வழிஞ்சு, அத்தை அப்படியே சுவத்தோட சரிஞ்சாங்க. அவன் மறுபடி குழாயை ஓங்கினான்.

மோட்டார் பக்கத்துல பெரிய ஸ்பானர் ஒண்ணு தொங்கும். ரெண்டு கையாலயும் எடுத்தேன். அவன் முழங்கையில போட்டேன். கடக். குழாய் விழுந்துச்சு. மறுபடி போட்டேன். மூணாவது தடவையும் போட்டேன். மூணாவது அடிக்கு அவன் தரையில சுருண்டு கிடந்து "வேணாம்மா, வேணாம்மா"ன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தான். அந்த மூணாவது 'கடக்'தான் இப்ப கண்ணை மூடினா கேக்குது.

"போதும்டி"ன்னாங்க அத்தை. "மேனேஜர் ஓடறான்."

ஓடட்டும்னு நினைச்சேன். ஏழு மாடி, லிஃப்ட் கிடையாது.

மணி பன்னெண்டரை. நாலாவது மாடித் திருப்பத்துல, தோள்ல இருபது லிட்டரோட தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஏறிக்கிட்டிருந்தாரு கேன் அண்ணன். மேலேர்ந்து தலைதெறிக்க ஒருத்தன் வந்து மோதினா அவரு என்ன பண்ணுவாரு? கேனை விட்டுட்டாரு. அது மேனேஜர் முழங்கால் மேல இறங்குச்சு. நாங்க போய்ச் சேர்ந்தப்போ, கால் போகக்கூடாத திசையில போயிருந்துச்சு. எலும்பு பேன்ட்டைக் கிழிச்சுக்கிட்டு வெளிய எட்டிப் பாத்துச்சு. மேனேஜர் அதைப் பாத்தாரு, மயங்கினாரு, முழிச்சாரு, மறுபடி பாத்தாரு, மறுபடி மயங்கினாரு. ரத்தம் ஆகாதுன்னது பொய் இல்லை.

"கேன் உடைஞ்சுபோச்சேக்கா"ன்னு கேன் அண்ணன் தலையில கை வச்சு உக்காந்துட்டாரு. "டீச்சருக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

★

போலீஸ் வர்ற வரைக்கும் படியில உக்காந்திருந்தோம். அத்தை என் துப்பட்டாவைத் தலையில அழுத்திப் பிடிச்சிருந்தாங்க. மேனேஜர் முனகினாரு. "எல்லாத்தையும் ஒத்துக்கறேன். ஆனா மெக்கானிக் கையை நாங்க தொடலை. சத்தியமா தொடலை."

நான் ஸ்பானரைத் தூக்கினேன்.

"இறக்கு" அத்தை சொன்னாங்க. "இன்னைக்கு அவன் பேசின ஒரே நிஜம் அதுதான்."

"அத்தை, அடி ரொம்ப பலமா பட்டுடுச்சா?"

"உங்கப்பன் வாட்ச் எங்க இருந்துச்சு?"

"பிஸ்கட் டப்பாவுல. மோதிரமும்தான். எப்பவும் அங்கதான் வைப்பாரு."

"எப்பவுமா? எப்ப?"

"மெஷின்ல கையை விடறதுக்கு முன்..."

பைல இருந்த வாட்சை எடுத்துப் பாத்தேன்.

"அடிக்க வந்தவன், 'சார், வாட்சைக் கழட்டி டப்பாவுல வச்சுட்டு வாங்க'ன்னு சொல்லுவானா?" அத்தை குரல் ரொம்ப மெதுவா இருந்துச்சு. "நசுக்கினவன் வைஸை அப்படியே விட்டுட்டு ஓடுவான். நீ போனப்போ வைஸ் திறந்திருந்துச்சு. திறந்தவன் உங்கப்பன். இறுக்கினவனும் அவன்தான், இடது கையால. பழக்கம்டி. இருபத்தஞ்சு வருஷப் பழக்கம். கையை நசுக்கப் போறப்பவும் வாட்சைக் கழட்டி வச்சிருக்கான், முட்டாள்."

சொல்லிட்டு அழுதாங்க. அத்தை அழுது நான் பாத்ததே இல்லை.

★

ஆஸ்பத்திரியில அப்பா எங்க ரெண்டு பேரையும் பாத்தாரு. தையல், கிழிஞ்ச சட்டை. மறைக்க முடியாதுன்னு புரிஞ்சுக்கிட்டாரு.

"மிரட்டினாங்களாப்பா?"ன்னேன்.

"மிரட்டியிருந்தா போலீஸுக்குப் போயிருப்பேன்." அப்பா கூரையைப் பாத்துக்கிட்டே பேசினாரு. "லிஃப்டை விழ வைக்கத் தொகையைச் சொன்னாங்கம்மா. முடியாதுன்னுட்டு வந்து, அவங்க வேற ஆளை வச்சுப் பண்ணிடக்கூடாதுன்னு பூட்டைப் போட்டேன். டீச்சரை லிஃப்ட்ல ஏறாதீங்கன்னேன். வீட்டுக்கு வந்தேன். ராத்திரி முழுக்க மனசு கூட்டிக்கிட்டே இருந்துச்சு. உன் காலேஜ், வீட்டு வாடகை, உங்கம்மா பல்லு. மறுநாளும் கூட்டுச்சு. அதுக்கு அடுத்த நாள் சட்டையைப் போட்டுக்கிட்டேன், பையை எடுத்துக்கிட்டேன். அந்தப் பூட்டைத் திறந்து, இந்தக் கையாலயே அதைப் பண்ணப் போறேன்னு எனக்கே தெரிஞ்சுபோச்சு. ஷட்டர் வரைக்கும் போயிட்டேன்."

கட்டுப் போட்ட கையைப் பாத்தாரு.

"அப்புறம் திரும்பி வந்து வாட்சைக் கழட்டினேன்."

அம்மா அப்பாவோட இடது கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"தொகையைக் காதுல வாங்கினதுதான் தப்பு"ன்னாரு. "ஒரு தடவை கேட்டுட்டா அது உள்ள வந்து குடி இருந்துக்குது. காலி பண்ண வைக்க முடியலை."

அப்புறம் என்னைக் கேட்டாரு. "உன் கழுத்துல இருந்த சாவியை அந்த ஆளு எப்படிம்மா எடுத்தான்?"

"கழுத்துலேர்ந்து கயித்தைப் பிடிச்சு இழுத்தான்ப்பா. வெடுக்குன்னு." போலீஸ்கிட்டயும் அப்படித்தான் எழுதிக் குடுத்தேன்.

★

இப்ப நிலைமை இதுதான். 'கழுத்து'க்கு முழங்கை மூணு துண்டு. மேனேஜருக்கு மயக்கம் தெளியத் தெளிய ஊசி. ஆனா கட்டிடத்தோட ஓனரை மேனேஜர் காட்டிக் குடுக்கலை. எல்லாம் நானே பண்ணதுன்னுட்டாராம். ஓனர் பேரை நான்தான் சொல்லியாகணும். படியில ஏறும்போது மேனேஜர் போன்ல அவருகிட்ட பேசினதைக் கேட்டது கழுத்தும் நானும்தான், கழுத்து வாயைத் திறக்க மாட்டான். அப்பா கைக்குக் கெடு இன்னைக்கு சாயங்காலம். அத்தை ஸ்கூட்டரை வித்துட்டாங்க. பாதிகூட வரலை.

பத்து நிமிஷம் முன்னாடி போன் வந்துச்சு. தெரியாத நம்பர். எடுத்தேன்.

"தூங்கலையாம்மா?" வயசான குரல், ரொம்ப மரியாதையா. "சாவியை முழுங்கிட்டியாமே. தைரியசாலி. பூட்டெல்லாம் இனி எனக்கு வேண்டாம். காலைல ஸ்டேஷன்ல ஒரே ஒரு வரியை மாத்திச் சொன்னாப் போதும். போன்ல யார் பேசினாங்கன்னு ஞாபகம் இல்லைன்னு சொல்லு. அப்பா கை முழுசா வந்துடும். அதுக்கு மேல நான் எவ்ளோ தர்றேன்னா..."

"உள்ளே ஆள் இருக்கு. தொடாதீங்க"ன்னு சொல்லிட்டு கட் பண்ணேன். ஸ்விட்ச் ஆஃபும் பண்ணிட்டேன். போன் கைலேர்ந்து நழுவிக் கீழ விழுந்துச்சு.

குறட்டை நின்னுடுச்சு.

"யாருடி?" இருட்டுல அத்தை.

"ஓனர்."

"எவ்ளோ சொன்னான்?"

"சொல்ல விடலை."

தூங்கிட்டாங்கன்னு நினைச்சேன்.

"கயித்தை வெடுக்குன்னு இழுத்தான்னா கழுத்துல தடம் இருக்கணும்"ன்னாங்க. "உன் கழுத்துல ஒரு கீறல்கூட இல்லை. மத்தியானமே பாத்துட்டேன்."

நான் கழுத்தைத் தடவிப் பாத்தேன்.

அத்தை அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க.

"உன் செருப்பு ஏழாவது மாடியிலயே கிடந்துச்சு. எடுத்துட்டு வந்து வாசல்ல வச்சிருக்கேன். அந்த இன்னொரு வாழைப்பழத்தையும் தின்னுட்டுப் படு. காலைல ஸ்டேஷனுக்கு நடந்துதான் போகணும்."